கூரை ஒழுகினால் ஆயுள் மெம்பர்

ஏற்காட்டில் எங்கள் கிளப்பின் வரவு செலவை ஒரே வரியில் சொல் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். கூரை ஒழுகினால் நாலு ஆயுள் மெம்பர், கிணறு வற்றினால் ஆறு ஆயுள் மெம்பர். அவ்வளவுதான் எங்கள் இத்தனை வருட நிதி நிர்வாகம். சிரிக்காதீர்கள். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருடம் ஆனது. கண்டுபிடித்த அன்று பேரேட்டை மேசையில் ஓங்கி அடித்தேன், டீ டம்ளர் கீழே விழுந்து சுக்குநூறானது.

நான் அங்கே கணக்கு எழுதுகிறவள். ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கிறது கிளப். ஒரு பெரிய ஹால், சீட்டாடும் அறை, ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, யாரும் திறக்காத இரண்டு புத்தக பீரோ, ஒரு டென்னிஸ் கோர்ட், கட்லெட் வாசம் போகாத ஒரு சமையலறை. எஸ்டேட்காரர்களும் காபி, மிளகு போடுகிற மலை விவசாயிகளும் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவதற்காக ஆரம்பித்த இடம். சங்கமாகப் பதிவு செய்தது. லாபம் வந்தால் யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, கிளப்புக்குத்தான் செலவழிக்க வேண்டும்.

இந்த விஷயம் என்னைப் பெற்ற அத்தாவுக்கு இன்றுவரை சரிப்பட்டு வந்ததில்லை. அத்தாவுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டார்.

“லாபமே வேண்டாமுன்னு ஒரு யாவாரமா கண்ணு?”

“யாவாரம் இல்லைத்தா. சங்கம்.”

“சரி, சங்கமாவே இருக்கட்டும். நட்டம் வந்தா யாரு கட்டறது?”

“நட்டமெல்லாம் வராதுத்தா” என்றேன். பி.காம். படித்த திமிர். அல்லாவே, என்ன நம்பிக்கை! சேர்ந்த முதல் மார்ச் மாதமே நட்டம் வந்தது. அடுத்த மார்ச்சிலும் வந்தது. அதற்கப்புறம் மார்ச் பிறந்தாலே எனக்குக் காலண்டரைப் பார்க்கப் பிடிக்காது.

இத்தனைக்கும் எங்கள் மெம்பர்கள் பாக்கி வைக்கிறவர்கள் இல்லை. அதற்குக் காரணம் சீட்டாடும் அறை வாசலில் தொங்கும் ஒரு பலகை. பச்சைத் துணி போர்த்தியது, ஓரத்தில் குண்டூசிகள் குத்தி வைத்திருக்கும். ‘பாக்கிப் பலகை’ என்போம். டீ, கட்லெட், சீட்டுக் கட்டு என்று மாதம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு பில் போகும். இரண்டு மாதம் கட்டவில்லை என்றால் பெயரை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பலகையில் குத்திவிட வேண்டும் என்பது கிளப் ஆரம்பித்த நாள் முதல் வழக்கம். உள்ளே வருகிற அத்தனை பேரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒருவர் தன் மகள் கல்யாணத்தன்று காலையில், பட்டு வேட்டியோடு வந்து எழுபத்தைந்து ரூபாய் கட்டிவிட்டுப் போனார். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. “பேரு ஏறிடுச்சுன்னா சம்பந்தி ஊட்டுக்காரங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது?” என்றார். அவர் பில்லுக்கு இன்னும் நாலு நாள் தவணை இருந்தது.

இப்படிப்பட்ட மானஸ்தர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தும் கிளப் ஏன் தள்ளாடுகிறது? ஒரு ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம், வேலை ஒன்றும் இல்லாததால் பழைய பேரேடுகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கப் படிக்க எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

ஆரம்பத்தில் எல்லோரும் ஆண்டுச் சந்தாதான் கட்டியிருக்கிறார்கள். மாசியில் காபி விற்ற பணம் கைக்கு வந்ததும், பங்குனி சித்திரையில் வந்து கட்டுவார்கள். வரவும் செலவும் ஏறக்குறைய நேராக நின்றிருக்கிறது. அப்புறம் ஒரு வருடம் பெருமழை. ஓட்டுக் கூரை பாதி போய்விட்டது. கையில் பணம் இல்லை. அப்போது பொருளாளராக இருந்தவர் ஒரு யோசனை செய்திருக்கிறார். பத்து வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டினால் ஆயுள் முழுக்க மெம்பர், அதற்கு மேல் ஒரு பைசா சந்தா கட்ட வேண்டாம். நாலு பேர் கட்டினார்கள். கூரை வந்தது. கமிட்டிக் கூட்டக் குறிப்பில் அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் வேறு!

ருசி கண்டுவிட்டார்கள். ஜெனரேட்டர் வேண்டுமா, ஐந்து ஆயுள் மெம்பர். கிணறு தூர் வார ஆறு பேர். பில்லியர்ட்ஸ் மேசைக்குப் புதுத் துணி போட ஒருவர். பெயிண்ட் அடிக்கக்கூட ஒருவர்! அந்தந்த வருடக் கணக்கு அழகாக நேராகிவிடும். அடுத்த வருடம் சந்தா கட்டுகிறவர்களில் அத்தனை பேர் குறைந்திருப்பார்கள். இதை யாருமே கவனிக்கவில்லை. விதைக்கு வைத்த நெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலையை வருடா வருடம் செய்து, வருடா வருடம் கைதட்டியிருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தபோது நூற்றாறு மெம்பர்களில் தொண்ணூற்றொரு பேர் ஆயுள் மெம்பர்கள். சந்தா கட்டுகிறவர்கள் பதினைந்தே பேர். போதாக்குறைக்கு எங்கள் மலைக் காற்றுக்கு ஆட்கள் எண்பது, தொண்ணூறு என்று தெம்பாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. பத்து வருடக் காசில் முப்பது வருடம் சீட்டாடினால் கிளப் எப்படி நிற்கும் என்றுதான் கேட்கிறேன். டம்ளர் உடைந்தது அன்றைக்குத்தான்.

சந்தோஷமா என்றால் சந்தோஷம், கோபமா என்றால் கோபம். பத்து வருடமாக என் தலையைத் தின்ற கணக்கு சட்டென்று விளங்கிவிட்டதே! நேரே போய்ச் செயலாளரிடம் சொன்னேன். செயலாளர் வாழவந்தியில் காபித் தோட்டம் வைத்திருக்கிறவர், ஐம்பது வயது, சம்பளம் வாங்காமல் கிளப்பைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு நாளைக்கு நாலு தடவை பெருமூச்சு விடுவார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஐந்தாவது தடவையும் விட்டார்.

“நீங்க சொல்றது நொம்பச் சரிங்க. ஆனா நேரம் தாண்டிப் போச்சுங்க” என்று ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

வெளியூர் ரிசார்ட் கம்பெனி ஒன்று கிளப் கட்டடத்தையும் நிலத்தையும் முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. மெம்பர்கள் வருடத்துக்கு இரண்டு நாள் இலவசமாக வந்து தங்கிக்கொள்ளலாமாம். வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி: இப்போது இருக்கும் ஐந்து பேரும் தேவைப்பட மாட்டார்கள். ஐந்தில் ஒருத்தி நான். இன்னொருவர் மஞ்சக்குட்டையிலிருந்து நடந்தே வந்து முப்பது வருடமாகக் கட்லெட் போடுகிற சமையல்காரர்.

“பொதுக்குழுவுல ஓட்டுக்கு விடறமுங்க. வேற வழி?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “வழி காட்டினா வேண்டாமுன்னு சொல்வீங்களா?” என்றேன்.

“வரவும் செலவும் நேரா நிக்கறதுக்கு ஒரு வழி காட்டுங்க. ஒரு தடவைக்கு இல்லை, வருசா வருசம் நிக்கோணும். நானே எந்திரிச்சு வேண்டாமுன்னு சொல்றனுங்க.”

கிளப்பை விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்யப்போகிறது. கையில் இருந்தது சரியாக மூன்று வாரம்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஓட்டுப் போடத் தகுதி உள்ள மெம்பர்களின் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். அது விதி. பட்டியல் தயாரிக்கிறபோது என் குசும்பு சும்மா இருக்கவில்லை. பெயர், ஊர், மெம்பர் எண் என்று மூன்று கட்டம் போதும். நான் நாலாவதாக ஒன்று போட்டேன்: ‘கடைசியாகச் சந்தா கட்டிய ஆண்டு’. பொய் ஒன்றும் இல்லையே, பேரேட்டில் உள்ளதுதானே! தொண்ணூற்றொரு பேருக்கும் எதிரே பழைய ஆண்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. போன நூற்றாண்டு ஆண்டுகளே பாதிக்கு மேல். படிக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது உறைக்கட்டும் என்று நினைத்தேன். சமையல்காரரிடம் பட்டியலைக் கொடுத்து, “போர்டுல ஒட்டிருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, ஆடிட்டரைப் பார்க்கச் சேலத்துக்குக் கிளம்பிவிட்டேன். அன்று சனிக்கிழமை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் போன் அடித்தது. மஞ்சக்குட்டை மெம்பர் ஒருவர்.

“ஏனுங்க அம்மணி, நான் என்ன ஊட்டை உட்டு ஓடியா போயிட்டேன்? எம் பேரை...”

வளைவு திரும்பியது, லைன் அறுந்தது. மறுபடி ஐந்தாவது வளைவில் வேறொருவர்.

“முப்பது வருசமா ஒரு பைசா பாக்கி வெச்சவனில்லைங்க நானு. என்னையப் போயி...”

அறுந்தது. என்ன நடக்கிறது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எட்டாவது வளைவில் ஒரு அம்மா, குரல் தழுதழுத்தது.

“அம்மணி, எங்க ஊட்டுக்காரரு சேதி கேட்டதுல இருந்து பச்சத் தண்ணி வாயில ஊத்தலை. கையில இருந்ததைக் கொடுத்தனுப்பிட்டேன், மீதி எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க, நான் வளையலை வெச்சாவது...”

அதுவும் அறுந்தது. பக்கத்து சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மெதுவாக என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

“ஏனுங்க, சீட்டுக் கம்பெனி நடத்துறீங்களா?”

“அய்யோ, இல்லீங்க!”

“பின்னே எதுக்குங்க இத்தனை பேரு காசு காசுன்னு கத்தறாங்க?”

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இன்னும் பன்னிரண்டு வளைவு பாக்கி! போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அதைப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

ஓடினேன். கிளப் மேட்டில் ஜீப்பும் காரும் மோட்டார் சைக்கிளுமாக நிற்க இடமில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது பச்சைத் துணி. பாக்கிப் பலகையில், எப்போதும் ஒரு சீட்டு, அரைச் சீட்டுக்கு மேல் பார்த்திராத அந்தப் பலகையில், என் பட்டியல் நாலு பக்கமும் விரிந்து குத்தப்பட்டிருந்தது. நூற்றாறு பெயர், அதில் தொண்ணூற்றொன்றுக்கு எதிரே எந்தக் காலத்திலோ பணம் கட்டிய வருடம்!

“நீங்கதானுங்க போர்டுல ஒட்டச் சொன்னீங்க” என்றார் சமையல்காரர். “அந்தத் தகவல் போர்டைக் கரையான் அரிச்சுப்போடுச்சு. போன வாரமே கழட்டி அடுப்புல வெச்சுட்டனுங்களே. இருக்கறது இது ஒண்ணுதானுங்க.”

அவரை என்ன சொல்ல? நாலாவது கட்டம் போட்டவள் நான். என் வாய்க்கொழுப்பு என்று சொல்ல வழியில்லாமல் கைக்கொழுப்பு ஆகிவிட்டது. அவசர அவசரமாகப் பட்டியலைப் பிடுங்கினேன். ஆனால் அதற்குள் சேதி சாயங்கால பஸ்ஸில் வாழவந்திக்கும் மாரமங்கலத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மேசையில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே கவர்கள். எண்ணினேன், இருபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வருடச் சந்தா, சிலதில் இரண்டு. எழுத்தே இல்லாமல் மஞ்சள் பை ஒன்றில் சில்லறை நோட்டாகக்கூட ஒரு தொகை.

செயலாளருக்கு முகமெல்லாம் பல். பெருமூச்சையே காணோம். “அம்மணி, துண்டு விழற தொகையில முக்காவாசி வந்துருச்சுங்க! நன்கொடைன்னு எழுதிப்போடுங்க. யாரு கேக்கப் போறாங்க?”

பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்தது. கவர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அந்தக் கனத்தை இன்னும் மறக்கவில்லை. ஆனால் கடையில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? கணக்குத் தெரியாமல் ஒருவர் கூடுதலாக நீட்டினால், அத்தா அவர் படியிறங்குவதற்குள் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஆயுள் மெம்பர் ஒரு பைசா கடன்பட்டவர் இல்லை. அவர் கையில் ரசீது இருக்கிறது, எங்கள் பேரேட்டில் பதிவு இருக்கிறது. மானத்துக்குப் பயந்து கொடுத்த காசு நன்கொடை ஆகுமா?

“இது பயந்து கொடுத்த காசுங்க. நான் எழுத மாட்டேன்” என்றேன். செயலாளருக்குப் பெருமூச்சு திரும்பி வந்துவிட்டது.

அடுத்த நாலு நாளும் கவர்களைப் பையில் போட்டுக்கொண்டு மலை மலையாகச் சுற்றினேன். மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்பில் போனேன். போனில் தழுதழுத்த அந்த அம்மா வாசலுக்கே ஓடி வந்தார். மஞ்சள் பை அவருடையது. விஷயத்தைச் சொல்லி, தவறு என்னுடையது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே திரும்பி, “ஏனுங்க, நம்ம பேரு சுத்தமாத்தான் இருக்குதாமா, சாப்பிட வாங்க!” என்று கூவினார். எனக்கும் இலை போட்டார். வாழவந்தியில் ஒருவர் கவரை வாங்கி அங்கேயே இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, டீகூடக் கொடுக்காமல் அனுப்பினார். அதுவும் நியாயம்தான். இன்னொருவர் கவரை வாங்கிக்கொண்டு ஒரு படி மிளகு கொடுத்தார். மிளகை வாங்கியது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை, அது என் வீட்டுக் கறிக்குழம்பில் போய்விட்டது.

கடைசியாக மாரமங்கலம். அங்கே கவர் ஒன்றும் திருப்பித் தர வேண்டியதில்லை. இருந்தும் போனேன். அங்கேதான் அந்தப் பழைய பொருளாளர் இருந்தார். ஆயுள் மெம்பர் திட்டத்தைக் கொண்டுவந்தவர், முதல் ஆயுள் மெம்பரும் அவரே. எண்பத்து நாலு வயது. பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அவர் பணமும் அனுப்பவில்லை, போனும் செய்யவில்லை. மிளகுக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் எம் பேரைப் பலகையில ஏத்துனவங்களா?”

“ஆமாங்கய்யா. தெரியாம நடந்து போச்சுங்க. நீங்க கிளப்புக்குப் பாக்கி ஒண்ணுமில்லைங்க.”

“அது எனக்குத் தெரியாதா? விதியை எழுதினவனே நான்தானே! என்னைப் பாக்கிக்காரன்னு போடறதுக்கு என்ன தைரியம்?”

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மூடினேனா? பையிலிருந்து பழைய பேரேட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். “தைரியத்தை அப்புறம் பார்க்கலாமுங்க. இதைப் படிங்க முதல்ல” என்றேன். சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கூரை. ஜெனரேட்டர். கிணறு. பில்லியர்ட்ஸ் துணி. விரலை வரிக்கு வரி வைத்து, வருடத்துக்கு வருடம் சந்தா வரவு இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தார். பெயிண்ட் அடித்த வரி வந்தபோது விரல் நின்றது.

“பெயிண்ட்டுக்கு ஒருத்தனை வித்துருக்கேன்” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“பத்து வருசத்துக் காசை ஒரே மழையில கரைச்சுப்போட்டேன். அன்னைக்கு எல்லாரும் கை தட்டினாங்க அம்மணி. எனக்கும் பெருமையா இருந்துச்சு.” பேரேட்டை மூடினார். “இதைப் படிச்சுச் சொல்ல இத்தனை வருசத்துல ஒருத்தருக்கும் தோணலையா?”

“எனக்கே பத்து வருசம் ஆச்சுங்க” என்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார், அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் வயதானவரைப் புண்படுத்திவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஹாலில் நாற்காலி போதாமல் டென்னிஸ் கோர்ட் பெஞ்சுகளை இழுத்து வந்து போட்டோம். பலகை விவகாரத்தின் புண்ணியம், பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். சமையல்காரர் இருநூறு கட்லெட் போட்டிருந்தார். “கடைசிக் கட்லெட்டா இருந்தாலும் நல்லா இருக்கட்டுமுங்க” என்றார். நான் நாற்காலிகளை மறுபடி எண்ணப் போய்விட்டேன்.

செயலாளர் குத்தகைக் கடிதத்தைப் படித்தார். ஹாலில் சலசலப்பு. வேறு வழியில்லை என்று முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் பேப்பரைப் பார்க்கவே இல்லை. கூரை, கிணறு, ஜெனரேட்டர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஆயுள் மெம்பரிடம் கேட்க கிளப்புக்கு உரிமை இல்லை என்பதையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

“அப்ப யாரு கட்டறதுங்க?”

பத்து வருடம் முன்பு அத்தா கேட்ட அதே கேள்வி! அன்றைக்குத் திமிராக ஒரு பதில் சொன்னேன், இன்றைக்குப் பேரேட்டைத் திறந்து அந்தப் பதினைந்து பேரையே மறுபடி எண்ணினேன்.

அப்போது வாசலில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. மாரமங்கலத்துப் பெரியவர். நேரமாகித்தான் வந்திருந்தார், டிரைவர் கையைப் பிடித்திருந்தார். ஹாலுக்குள் வரவில்லை. பாக்கிப் பலகை முன்னால் நின்று, “அம்மணி, ஒரு சீட்டு கொடுங்க” என்றார். ஓடிப்போய்க் கொடுத்தேன். அதைச் சுவரில் வைத்துத் தன் பெயரைத் தானே எழுதினார். ஓரத்திலிருந்த குண்டூசி ஒன்றைப் பிடுங்கி, காலியான அந்தப் பச்சைத் துணியின் நட்டநடுவில் குத்தினார்.

“விதிப்படி எனக்குப் பாக்கி இல்லை” என்றார் எங்கள் பக்கம் திரும்பி. “இருபது வருசமா ஓசியில சீட்டாடியிருக்கேன், அதுவும் நிசந்தான். வருசா வருசம் காபி வித்ததும் என் பேரை இதுல ஏத்துங்க. நான் வந்து கட்டினதும் எடுங்க. யாரும் கட்டாயப்படுத்தலை. இஷ்டப்பட்டவங்க ஏத்திக்கலாம்.”

முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? வாழவந்தியில் கவரை இரண்டு தடவை எண்ணி வாங்கினாரே, அவர்! “எனக்கொரு சீட்டுங்க” என்றார் வெடுக்கென்று. மஞ்சக்குட்டை அம்மா தன் கணவரைப் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தார், அவரும் எழுந்தார். அப்புறம் என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. சீட்டு தீர்ந்து கட்லெட் வைக்கிற பேப்பரைக் கிழித்துக் கொடுத்தேன். குண்டூசி தீர்ந்து சமையல்காரர் எங்கிருந்தோ ஊக்குகள் கொண்டுவந்தார். பத்துப் பேர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள், இருக்கட்டும். நான் தரையில் உட்கார்ந்து மடியில் பேப்பரை வைத்துக் கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். நேராக நின்றது! வரவும் செலவும் நேராக நின்றது, வருடா வருடம் நிற்கும்! “சார், நிக்குதுங்க!” என்று கத்திவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும். செயலாளர் கொடுத்த வாக்கு தவறவில்லை, எழுந்து குத்தகை வேண்டாம் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எண்ணவே தேவைப்படவில்லை.

எல்லோரும் கட்லெட்டுக்குப் போன பிறகு பெரியவர் என் மேசைக்கு வந்தார். அந்த வருடத்துக்கான பணத்தை வைத்தார். ரசீது எழுதினேன். அவர் சட்டைப் பைக்குள் கை விட்டு இன்னொரு கற்றையை எடுத்தார்.

“அடுத்த வருசத்துக்கும், அதுக்கடுத்த வருசத்துக்கும் இப்பவே வாங்கிக்குங்க. என் வயசுக்கு என்ன நிச்சயம்?”

நான் அந்தக் கற்றையை அவர் பக்கமே தள்ளினேன்.

“முன்பணம் வாங்கித்தானுங்க இந்தக் கதியானோம். இனி வாங்கறதில்லைங்க. அடுத்த வருசம் நீங்களே வந்து கட்டோணும்.”

“வராட்டி?”

“பேரு பலகையிலேயே நிக்குமுங்க.”

அவர் சிரித்தார். பல் இல்லாத வாயால் வெகுநேரம் சிரித்துவிட்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தார்.

இந்த வருடம் காபி நல்ல விலைக்குப் போனது. சித்திரை பிறப்பதற்குள் பலகையிலிருந்து சீட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஏப்ரல் கடைசித் தேதி, சந்தா கட்ட அதுதான் தவணை. மிச்சம் ஒன்றே ஒன்று, நடுவில். அவருக்குக் குளிர்காலத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். செயலாளர்கூட, “போன் பண்ணிப் பாக்கட்டுமுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். என்ன கேட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பணத்தை வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று நூறு தடவை நினைத்தேன்.

நாலரை மணிக்கு மேட்டில் ஒரு ஜீப் ஏறியது. தடி தட்டுகிற சத்தம் வராந்தாவில் மெதுவாக, நின்று நின்று வந்தது. அவர் உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை, பலகையைத்தான் பார்த்தார்.

“எம் பேரு மட்டுந்தான் நிக்குதா?”

“ஆமாங்கய்யா, நீங்கதான் கடைசி.”

“ஆஸ்பத்திரியில பையன்கிட்ட சொல்லிப்போட்டேன், முப்பதாந்தேதிக்குள்ள என்னைய ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் ஆகோணும், பாக்கி இருக்குதுன்னு” என்று பணத்தை மேசையில் வைத்தார். சரியாக ஒரு வருடத்துக்கு, ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

நான் ரசீது புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து கலங்கித் தெரிந்ததால் முதல் தாளை வீணாக்கிவிட்டு, இரண்டாவது தாளில் எழுதிக் கொடுத்தேன்.